ஸ்பைக் வைத்த பிறகுதான் ஊசி அதிகம் குதிக்கிறது

வாசகர் கேள்வி, ஜனவரி 8

ரெக்கார்டு பிளேயரின் ரப்பர் கால்களைக் கழற்றிவிட்டு கூர்முனையுள்ள மூன்று பித்தளை ஸ்பைக் வைத்தேன். அதிர்வையெல்லாம் தரைக்கு இறக்கிவிடும் என்று படித்திருந்தேன். முன்பு அறைக்குள் ஓடினால்தான் ஊசி குதிக்கும். இப்போது நடந்தாலே குதிக்கிறது. தரை மரப்பலகை. ஸ்பைக் மட்டமானதா, இல்லை பழகிக்கொள்ள நாளாகுமா?

ஜனவரி 9

ஸ்பைக்கில் குறையில்லை. நாளும் ஆகாது, பித்தளை எதற்கும் பழகுவதில்லை.

இந்த "தரைக்கு இறங்கிவிடும்" என்ற பேச்சு எர்த் கம்பியைப் பார்த்து வந்திருக்க வேண்டும். மின்சாரம் கம்பி வழியே மண்ணுக்குப் போகிறதே, அதே மாதிரி அதிர்வும் கூர்முனை வழியே போய்விடும் என்று. ஆனால் ஒரு உலோகக் கூம்புக்கு மேல் எது, கீழ் எது என்று எப்படித் தெரியும்? பிளேயரின் அதிர்வு இறங்கும் அதே வழியில்தான் தரையின் அதிர்வும் ஏறி வரும். பிளேயர் மோட்டாரின் அதிர்வையும் மரத்தரையில் ஆள் நடக்கும் அதிர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வியாபாரத்தில் உங்களுக்கு நஷ்டம்தான்.

கம்பளத்தின் மேல் நிற்கும் கனமான ஸ்பீக்கருக்கு ஸ்பைக் உதவும். கூர்முனை கம்பளத்தைத் துளைத்து அடித்தரையைத் தொட்டதும் தள்ளாட்டம் நின்றுவிடும். அது இறுகப் பிடிக்கிற வேலை. உங்களுக்கு வேண்டியது தரையிலிருந்து பிரிக்கிற வேலை.

முதலில் பழைய ரப்பர் கால்களை மாட்டுங்கள். தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஜனவரி 9, இரவு

கேட்க மறந்துவிட்டேன். உங்கள் பிளேயர் உள்ளேயே ஸ்பிரிங்கில் தொங்கும் வகையா? 1961-இல் எட்கர் வில்ச்சர் என்ற வடிவமைப்பாளர் ஏ.ஆர். நிறுவனத்தின் எக்ஸ்.ஏ. பிளேயரில் சுழல்தட்டையும், ஊசியைத் தாங்கும் கையான ஆர்மையும் ஒரே சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தை மூன்று ஸ்பிரிங்கில் விட்டார். அந்த வம்சத்தில் வந்த பிளேயர் என்றால் அடியில் இன்னொரு ஸ்பிரிங்கோ மெத்தையோ வைக்காதீர்கள். இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்துகொண்டு ஒன்றையொன்று ஆட்டிவைக்கும்.

ஜனவரி 12

"அப்போ மெத்துமெத்தென்று எதையாவது வைத்தால் சரியாகிவிடுமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நான் ஏற்கெனவே போய் முட்டிக்கொண்ட சுவர் அது.

என் தரை கான்கிரீட். இருந்தாலும் பாஸ், அதாவது கீழ் ஸ்தாயி, அதிகமுள்ள பாட்டு ஓடும்போது ஸ்பீக்கர் கூம்பு சம்பந்தமே இல்லாமல் முன்னும் பின்னும் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்குவாஷ் பந்தை இரண்டாக வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து, அதன் முதுகில் பிளேயரை வைக்கும் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. மூன்று பந்து வாங்கினேன். ஸ்குவாஷ் பந்தை வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா? 4 செ.மீ. உருண்டை, கத்தி பட்டதும் உருண்டு ஓடும். கடைசியில் ஒரு பாட்டில் மூடியில் உட்காரவைத்து, ஹேக்சா பிளேடால் சுற்றிச் சுற்றி அறுத்தேன். ஒரு பாதியின் விளிம்பு அலை அலையாக வந்தது. கை நிறைய கறுப்புத் தூள், அறை முழுக்க ரப்பர் நாற்றம்.

நான்கு பாதிகளின் மேல் 8 கிலோ பிளேயரை வைத்து, தட்டு சுற்றாமல் ஊசியை மட்டும் இசைத்தட்டில் இறக்கி, வால்யூமைப் பாதிக்குக் கொஞ்சம் கீழே வைத்து, பிளேயர் நிற்கும் அடுக்கான ரேக்கைப் பேனாவால் தட்டினேன். வீட்டில் செய்ய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. முன்பு "டொக்" என்று கூர்மையாகக் கேட்டது, இப்போது மங்கிப்போயிருந்தது. வெற்றி என்று நினைத்துப் பாட்டைப் போட்டால் ஸ்பீக்கர் கூம்பு முன்பைவிட மோசமாகத் துடிக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

ஜனவரி 15

ஏன் அப்படி ஆனது என்று புரிய எனக்கு மூன்று மாதம் ஆனது. கணக்கு என்னவோ மூன்று வரிதான்.

மெத்தென்ற எதன் மேலும் ஒரு எடையை வைத்தால் அதற்கென்று ஒரு ஆட்ட வேகம் வந்துவிடும். எடை ஏறியதும் அது எத்தனை மில்லிமீட்டர் அமுங்கியது என்று அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அந்த வேகம் ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு எத்தனை ஆட்டம் என்று, கிடைக்கும். 1 மி.மீ. அமுங்கினால் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ், 4 மி.மீ. என்றால் 8, 10 மி.மீ. என்றால் 5.

இந்த வேகத்தைப்போல் 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வுகள்தான் குறைய ஆரம்பிக்கும். அதற்கு வெகுவாகக் கீழே உள்ளவை அப்படியே ஏறி வரும். அந்த வேகத்திலேயே வருபவை பெருகும், குறைவதெல்லாம் இல்லை.

என் பாதிப் பந்துகள் 2 மி.மீ. அமுங்கியிருந்தன. அதாவது 11 ஹெர்ட்ஸ். ஆர்மும், அதன் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தாமாக ஆடும் வேகம் ஒன்று இருக்கிறது. அது 8-க்கும் 12-க்கும் நடுவில் இருப்பது நல்லது என்று எல்லோருமே அமைப்பார்கள். என்னுடையது 10. ஆக, ஊசி எந்த வேகத்தில் ஆட ஆசைப்படுகிறதோ கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஆட்டிவிட ஒரு ஊஞ்சல் கட்டிக் கொடுத்திருக்கிறேன். போதாததற்கு ஊசியின் சிக்னலைப் பெரிதாக்கும் ஃபோனோ ஆம்ப் 1000 ஹெர்ட்ஸை விட 20 ஹெர்ட்ஸை ஏறத்தாழ 9 மடங்கு தூக்கிக் கொடுக்கும். தட்டை வெட்டும்போது பாஸைக் குறைத்து வெட்டுவதால் வாசிக்கும்போது அதைத் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. நம் ரேக்கின் ஆட்டமும் அந்தக் கணக்கில் சேர்ந்து பெரிதாகி வருகிறது.

பேனாத் தட்டல் மங்கியது ஏன் என்றும் இதிலேயே விடை இருக்கிறது. தட்டலில் இருப்பது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்கு மேலே. அங்கே பந்து நன்றாகவே வேலை செய்தது. நான் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கைதட்டிக்கொண்டேன்.

ஜனவரி 16

நேற்று எழுதியதில் ஒரு பிசகு. அந்த 15.8 கணக்கு இரும்பு ஸ்பிரிங்குக்குத்தான் அப்படியே பொருந்தும். ரப்பர் மெதுவாக அமுக்கும்போது காட்டும் இளக்கத்தை வேகமாக ஆட்டும்போது காட்டாது, விறைத்துக்கொள்ளும். அதனால் உண்மையான வேகம் கணக்கில் வருவதைவிட மேலே இருக்கும். என் பந்து 11 என்று எழுதினேன், 13, 14 கூட இருந்திருக்கலாம். கூம்பு துடித்தது மட்டும் மாறாது.

ஜனவரி 24

ஸ்பிரிங். 8 கிலோவுக்கு 10 மி.மீ. அமுங்க வேண்டுமென்றால், நான்கு ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்குச் சுமார் 200 கிராம் தாங்க வேண்டும். அப்படித் தேடி வாங்கினேன். வைத்ததும் பிளேயர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எடை நான்கு மூலையிலும் சமமாக இருக்கும் என்று எந்த நம்பிக்கையில் நினைத்தேனோ! ஒவ்வொரு மூலைக்கும் அடியில் தராசை வைத்து மற்ற மூன்றுக்கும் அதே உயரத்துக்குக் கட்டை கொடுத்துப் பார்த்தால், மோட்டார் மூலை 2.7 கிலோ, அதற்கு எதிர்மூலை 1.4. கால்களை மூலையிலேயே வைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மோட்டார் பக்கம் இருந்த இரண்டையும் இன்னும் வெளியே தள்ளி, எதிர்ப்பக்கத்து இரண்டையும் உள்ளே இழுத்து, ஒரு மாலை முழுக்க நகர்த்தி நகர்த்தி மட்டம் பார்த்தேன்.

இப்போது புதுத் தொல்லை. ஆர்ம் நெம்புகோலைத் தொட்டாலே மொத்தப் பிளேயரும் படகு மாதிரி ஆடியது, அடங்க ஆறேழு விநாடி. வெறும் ஸ்பிரிங்குக்கு நிற்கத் தெரியாது. ஸ்பிரிங்கின் வயிற்றுக்குள் நுரைப்பஞ்சு உருளை ஒன்றைச் செருகியதும் இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கியது.

ஜனவரி 26

கேள்வி கேட்டவருக்கு: முந்தைய குறிப்பைப் பார்த்து ஸ்பிரிங் வாங்கக் கிளம்பாதீர்கள். மனிதர் நடப்பது விநாடிக்கு இரண்டு காலடி, அதாவது 2 ஹெர்ட்ஸ் பக்கம். ஒவ்வொரு குதிகால் அடியும் மரத்தரையை அதற்கே உரிய வேகத்தில் அதிரவைப்பது தனி. அந்த 2 ஹெர்ட்ஸைத் தடுக்க 1.4-க்கும் கீழே ஆடும் ஸ்பிரிங் வேண்டும். கணக்கைத் திருப்பிப் போட்டால் அது 12 செ.மீ.க்கு மேல் அமுங்க வேண்டும்! பிளேயருக்கு அடியில் மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பரை வைத்த மாதிரி இருக்கும். 5 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங் வைத்தால் நடையின் அசைவு அப்படியே, கொஞ்சம் பெருகியும், மேலே வரும்.

உங்கள் வீட்டுக்கு வழி சுவர் அலமாரிதான். தரையைத் தொடாத பலகை, வெளிப்புறக் கனச் சுவரில் இறுக்கமாகத் திருகியது.

பிப்ரவரி 2

நானும் பல வருடம் காதை மட்டும் நம்பி இந்த விளையாட்டை ஆடியவன். போனிலேயே அதிர்வை அளக்கும் கருவி இருக்கிறது என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி போதும். போனைப் பிளேயர் பக்கத்தில் படுக்கவைத்து, முடுக்கத்தை, எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு என்று காட்டும் ஸ்பெக்ட்ரமாகப் பார்க்கலாம். விநாடிக்கு 100 முறை அளக்கும் போனில் 50 ஹெர்ட்ஸ் வரைதான் தெரியும். நமக்கு வேண்டிய சங்கதி அதற்குள்ளேயே இருக்கிறது.

ரேக்கை உள்ளங்கையால் பக்கவாட்டில் ஒரு தட்டு. மேலும் கீழுமான கோட்டில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. பக்கவாட்டுக் கோட்டில் 6 ஹெர்ட்ஸில் ஒரு கோபுரம் எழுந்து நின்றது. என் ரேக் நான்கு மெல்லிய இரும்புக் கால், நான்கு பலகை, குறுக்குச் சட்டம் கிடையாது. பார்க்க அழகு. அது நாணல் போல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்க, அதன் தலையில் நான் பந்து, ஸ்பிரிங், நுரைப்பஞ்சு என்று மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பின்பக்கம் மூலைக்கு மூலை இரண்டு தட்டைக் கம்பி, எக்ஸ் வடிவில். நான்கு போல்ட். அந்தக் கோபுரம் 6-இலிருந்து 17-க்குப் போனது, உயரமும் பாதிக்குக் கீழே. ஸ்பீக்கர் கூம்பு கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. இத்தனை வருடம் கால்களுக்குச் செலவழித்த பொழுதையெல்லாம் சேர்த்தாலும் அந்த அரைமணி நேரத்துக்கு ஈடாகவில்லை.

பிப்ரவரி 3

போனில் அளக்கும்போது வைப்ரேட் மோடை அணைத்துவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 11

டேக் (டிஜிட்டல் எண்களை ஒலிச் சிக்னலாக மாற்றும் பெட்டி), சிடி பிளேயர், டிரான்சிஸ்டர் ஆம்ப் இவற்றுக்கு அடியில் இந்தக் கால்களை வைத்தால்? மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

என் டேக்குக்கு அடியில் பித்தளைக் கூம்பு மூன்று வைத்து, குரல் தெளிந்தது, தபலாவின் ஓசை இறுகியது என்று நானே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் மகளைப் பிடித்து உட்காரவைத்தேன். நான் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், அவள் நாணயத்தைச் சுண்டி, அதன்படி கூம்பை வைக்கவோ எடுக்கவோ வேண்டும், அதே பாட்டின் அதே ஒரு நிமிடம். 16 முறை. 16-இல் 12 சரியாகச் சொன்னால் அது வெறும் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க நூற்றுக்கு நான்கு பங்குகூட வாய்ப்பில்லை. அதை இலக்காக வைத்துக்கொண்டோம்.

ஐந்தாவது முறை, "இப்போ கூம்பு இருக்கு, நிச்சயமா இருக்கு" என்றேன். நோட்டில் ஏதோ எழுதும் சத்தம். "அப்பா, நீங்க நிச்சயம்னு சொல்றதுதான் அதிகமா தப்பா போகுது" என்றாள்.

மொத்தம் 7 சரி.

இதில் அறிவியலே இல்லை என்று ஒதுக்கவும் முடியாது. கடிகாரத் துடிப்பு தரும் படிகம் அதிர்வுக்கு அசையத்தான் செய்யும், சில வகை செராமிக் கெப்பாசிட்டர்கள் தட்டினால் மின்னழுத்தம் தரும். ஆனால் அறையில் பாட்டுக் கேட்கும் அளவு அதிர்வில் அவை மிக மிகச் சிறியவை. சிடியில் படித்த எண்கள் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தேங்கி, படிகத்தின் தாளத்துக்கு வெளியே வருகின்றன. அந்தப் பெட்டியின் கால் பித்தளையா ரப்பரா என்பதற்கும் தபலாவுக்கும் முடிச்சுப் போட்டது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சுதான்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப் விதிவிலக்கு. உள்ளே கம்பி வலைகள் மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் நிற்கின்றன, அவை அசைந்தால் சிக்னலும் அசையும். சின்ன சிக்னலைக் கையாளும் வால்வைப் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் "டிங்" என்று நீண்டு ஒலித்தால் அங்கே மெத்தென்ற காலுக்கு வேலை இருக்கிறது. அதைவிட நல்லது வால்வை மாற்றுவது.

பிப்ரவரி 12

ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார், பாதி நியாயத்தோடு. 16 முறை குறைவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்றரை நிமிடம் ஆனால் காது முந்தையதை மறந்துவிடும் என்கிறார். ஒத்துக்கொள்கிறேன், சின்ன வித்தியாசம் இருந்தால் அந்தச் சோதனையில் தப்பியிருக்கலாம். ஆனால் நான் ஊருக்குச் சொன்னது சின்ன வித்தியாசம் இல்லையே. ஒன்றரை நிமிடத்தில் மறந்துபோகும் வித்தியாசத்தை அப்படி வர்ணித்தவன் நான்தான். இனி வர்ணனையைக் குறைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 20

பாதிப் பந்துகளுக்கு மறுவாழ்வு கிடைத்த கதை.

ஆம்ப்பை ஆன் செய்தால் பாட்டு இல்லாதபோதும் "ம்ம்ம்" என்று ஒரு முனகல். ஸ்பீக்கரில் காதை வைத்தால் அங்கே இல்லை, ரேக் பலகையிலிருந்து வருகிறது. பலகையில் விரல் நுனியை வைத்தால் லேசாகக் கூசும். ஆம்ப்பை இரண்டு கையாலும் தூக்கினால் முனகல் பாதிக்கு மேல் குறைகிறது, வைத்தால் மறுபடி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு, சுழற்சிக்கு இரண்டு முறை நுண்ணியதாக நீண்டு சுருங்கும், அதனால் 100 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் பெட்டி சின்னது, அது தனியாக எழுப்பும் சத்தம் குறைவு. அகலப் பலகை அதை வாங்கிக்கொண்டு வீணைக் குடம் மாதிரி பெரிதாக்கிவிடுகிறது.

நான்கு பாதிப் பந்தையும் ஆம்ப்பின் அடியில் கொடுத்தேன். விரலில் கூச்சம் இல்லை, பலகை அமைதி. பிளேயருக்கு அடியில் 10 ஹெர்ட்ஸில் காலை வாரிய அதே பந்து 100 ஹெர்ட்ஸில் கச்சிதமாகப் பிரித்துவிட்டது. இதில் பாட்டின் தரம் ஏறியது என்று சொல்ல மாட்டேன். இரவில் மெல்லிய சத்தத்தில் கேட்கும்போது நிசப்தம் நிசப்தமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அடியில் காற்றுத் துளை உள்ள ஆம்ப் என்றால் அவற்றை அடைக்காமல் வையுங்கள்.

மார்ச் 6

ஸ்பீக்கர். இதில்தான் அதிகம் ஏமாந்தேன் என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

தரையில் நிற்கும் ஸ்பீக்கர்களுக்கு அடியில் ஸ்பிரிங் கால் வைத்ததும் மேல் ஸ்தாயி திறந்துகொண்டது. ஐயமே இல்லை, எல்லோருக்கும் கேட்டது. ஸ்பிரிங் பெட்டியை விடுதலை செய்துவிட்டது என்று எழுதினேன். பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கூம்பின் அசையும் எடை 20 கிராம், பெட்டி 15 கிலோ. கூம்பு 5 மி.மீ. முன்னே போனால் பெட்டி பின்னே போவது 750-இல் ஒரு பங்கு, ஒரு மில்லிமீட்டரில் 150-இல் ஒரு பங்கு. இதைத் தடுத்தாலும் விட்டாலும் மேல் ஸ்தாயி ஏன் திறக்க வேண்டும்?

அளவுநாடாவை எடுத்தேன். ஸ்பிரிங் காலின் உயரம் நான்கரை செ.மீ. என் ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயியை ஒலிக்கும் ட்வீட்டர், நான் உட்காரும் நாற்காலியில் என் காதுக்கு அதே நான்கரை செ.மீ. கீழே இருந்திருக்கிறது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு அதே உயரத்துக்கு நான்கு மரக்கட்டை கொடுத்தேன். திறந்த மேல் ஸ்தாயி திறந்தபடியே இருந்தது.

மரத்தரையில் நிற்கும் ஸ்பீக்கருக்கு ஸ்பிரிங் உதவாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். தரையே பெரிய தோல் கருவி மாதிரி அதிரும் அறைகளில் பாஸின் இரைச்சல் குறையும், மேசை மேல் வைக்கும் சின்ன ஸ்பீக்கருக்கும் அப்படித்தான். ஆனால் எந்தக் காலை வைத்தாலும் முதலில் அதே உயரத்துக்குக் கட்டை வைத்து ஒரு நாள் கேளுங்கள்.

மார்ச் 8

ஜெல் மாதிரியான பாலியூரித்தேன் பட்டைகளைப் பற்றிக் கேட்டவருக்கு: எடைக்கு ஏற்ற கடினம் பார்த்து வாங்க வேண்டும். தன் உயரத்தில் 10 முதல் 20 சதவீதம் அமுங்கினால் சரி. எடை போதாவிட்டால் அது வெறும் விறைப்பான ரப்பர், அதிகமானால் நசுங்கிப் பிதுங்கும். நான் வார்னிஷ் போட்ட பலகையில் ஒரு வருடம் நேரடியாக விட்டுவைத்தேன். எடுத்தபோது நான்கு எண்ணெய் வட்டங்கள். இடையில் ஒரு கண்ணாடித் துண்டோ உலோகத் தகடோ கொடுங்கள்.

மார்ச் 21

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ரப்பர் காலை மாட்டியதும் பழைய நிலைக்கு வந்ததாம். சுவர் அலமாரி அடித்த பிறகு இரண்டு பிள்ளைகள் ஓடினாலும் ஊசி அசையவில்லையாம். ஸ்பைக்கை என்ன செய்வது என்று கேட்கிறார். ஸ்பீக்கர் கம்பளத்தில் நின்றால் அதற்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் பித்தளைதானே, இடத்தை அடைக்காது.

என் பக்கத்துச் செய்தி: ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துப் பாதிப் பந்துகள் இரண்டும் அசந்துபோய் உட்கார்ந்துவிட்டன, எதிர்ப்பக்கத்தைவிட 3 மி.மீ. தாழ்வு. ஆம்ப் சாய்ந்திருந்தால் பாட்டுக்கு ஒன்றுமில்லை, கண்ணுக்குத்தான் உறுத்துகிறது. மூன்றாவது பந்தின் இரண்டு பாதி மிச்சம் இருக்க வேண்டுமே என்று வீடெல்லாம் தேடினேன். மகளின் படிக்கும் மேசைக்கு அடியில், குட்டையான இரண்டு காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள். அலை அலையாக அறுபட்ட பாதியும் அங்கேதான். மேசை இப்போது ஆடவில்லையாம், தர முடியாது என்கிறாள்.